நம்ம ஆளுதான் சார்

சென்னையில் ஆட்டோ ஓட்ட வேண்டுமானால் உரிமம் வேண்டும், வண்டிக்கு பெர்மிட் வேண்டும். வீட்டுக்கு வயரிங் செய்கிற ஒப்பந்ததாரருக்கு மாநில மின் உரிம வாரியத்தின் உரிமம் வேண்டும். நான்காம் மாடியில் உங்கள் சுவரை பிரேக்கர் வைத்துப் பெயர்த்து, அப்பா காலத்துத் தேக்கு ஜன்னலை நிலையோடு பிடுங்கி எடுத்து, அந்த ஓட்டையில் பிளாஸ்டிக் சட்டம் ஒன்றைத் திருகிவிட்டுப் போகிறவருக்கு என்ன வேண்டும்? ஒரு விசிட்டிங் கார்டு. ஒரு பக்கம் அச்சடித்திருந்தால் போதும்.

எண்பதுகளில் கட்டிய அடுக்குமாடிகளில் இப்போது ஜன்னல் மாற்றும் காலம். காரணம் இல்லாமல் இல்லை. மரம் மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு சாத்த மறுக்கிறது, கீல் துருப்பிடித்திருக்கிறது, கரையான் நிலையின் அடியில் குடித்தனம் நடத்துகிறது. இழைத்துச் சீர்செய்ய ஆசாரியைத் தேடினால், அவர் மாடுலர் கிச்சன் வேலைக்குப் போய்விட்டார். சரி, யூபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுவிடலாம் என்று வீட்டில் முடிவாகிறது. அந்த நிமிடத்திலிருந்து நண்பர், உறவினர், பத்திரிகை, பக்கத்து வீட்டு மாமா எல்லோரும் சொல்வது ஒரே வாசகம்: நம்பகமான கான்ட்ராக்டரா பார்த்துக் கொடுங்க, நல்லா விசாரிங்க.

விசாரிக்கிறோம். எந்த ஊர் என்கிறோம். திருநெல்வேலிப் பக்கம் என்றதும் அந்தப் பக்கத்தில் எங்கே என்கிறோம். சங்கரன்கோவில் பக்கம் என்றதும் எந்தத் தெரு என்கிறோம். தெரு தெரிந்தால் மீதி தெரிந்துவிடும். மீதி தெரிந்ததும் முகம் மலர்ந்து, ‘அட, நம்ம ஆளு!’ என்று உள்ளே பார்த்துக் காப்பிக்குக் குரல் கொடுக்கிறோம். சட்டத்துக்குள் இரும்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டிய நேரத்தில், அவருடைய சித்தப்பா யாருக்குச் சம்பந்தி என்று கேட்டுத் தெளிவு பெறுகிறோம். சாதி பார்ப்பதெல்லாம் அந்தக் காலம் என்று மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, சாதி பார்த்து ஜன்னல் எடுக்கிறோம்.

கான்ட்ராக்டர் முட்டாள் இல்லை. அவர் மந்தைவெளி வீட்டுக்கு நெற்றி நிறைய விபூதியோடு வருவார். சாந்தோம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ‘பிரைஸ் த லார்ட்’ சொல்லிவிடுவார். திராவிடப் பற்றுள்ள வீடு என்று தெரிந்தால் பெரியார் படத்தின் கீழ் ஒரு நொடி நின்று பெருமூச்சு விடுவார். மூன்று வீட்டிலும் நவம்பரில் மழைத்தண்ணீர் உள்ளே வரும். அந்த ஒரு விஷயத்தில் அவர் அப்பழுக்கற்ற மதச்சார்பின்மைவாதி.

அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் சிபாரிசு செய்கிற ஆள் என்றால் இன்னும் விசேஷம். கட்டடத்தின் முகப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம், அதனால் ஒரே கான்ட்ராக்டர்தான் கேட்டுக்குள் வரலாமாம். அழகுணர்ச்சியை மதிக்க வேண்டியதுதான். ஆனால் செயலாளர் வீட்டு ஜன்னல் மட்டும் எப்போது மாறியது, என்ன விலைக்கு மாறியது என்று பொதுக்குழுவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மறுநாள் முதல் தண்ணீர் லாரி உங்கள் கார் நிற்கும் இடத்தில் நிற்கும்.

ஷோரூமுக்குப் போனால் நாட்டுப்பற்றை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே எல்லாம் ‘ஜெர்மன் டெக்னாலஜி’. சட்டம் ஜெர்மன், ரப்பர் ஜெர்மன், கைப்பிடி ஜெர்மன். சட்டத்தை அறுத்து ஒட்டியது ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் என்பது மட்டும் கொஞ்சம் உள்ளூர்ச் சமாசாரம். அந்தக் கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், ‘தூரம் சார், டஸ்ட்டா இருக்கும், மேடத்துக்கு ஒத்துக்காது’ என்பார்கள். ஒத்துக்கொள்ளாதது தூசி அல்ல. யூபிவிசி என்பது குழல்போல உள்ளே கூடாக இருக்கும் சட்டம். அதன் வயிற்றில் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையைச் செருகினால்தான் அதற்கு முதுகெலும்பு. நான்கு மூலைகளையும் சூடாக்கி ஒட்டிய பிறகு உள்ளே பட்டை இருக்கிறதா, பாதிக்குத்தான் இருக்கிறதா, வெறும் காற்றுதான் இருக்கிறதா என்பது ஒட்டியவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். அதைத்தான் ஒட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்கிறோம்.

இதை ஒரு பெண் கேட்டுவிட்டால் தீர்ந்தது. நாள் முழுக்க அந்த ஜன்னலைத் திறந்து மூடப் போகிறவர் அவர்தான், கொசுவலையைக் கழுவப் போகிறவரும் அவர்தான், இந்த வீட்டின் கடன் தவணையில் பாதியைக் கட்டுகிறவரும் அவராகவே இருக்கலாம். ‘இரும்புப் பட்டை எத்தனை மில்லிமீட்டர்?’ என்று அவர் கேட்பார். பதில் அவருடைய கணவரின் முகத்தைப் பார்த்து வரும்: ‘அதெல்லாம் நான் சார்கிட்ட பேசிக்கிறேன் மேடம். நீங்க கலர் செலக்ட் பண்ணுங்க.’ கலர் என்பது வெள்ளை.

காற்றைப் பற்றிக் கேட்டால் இன்னும் பிரமாதம். கட்டடங்களின் மேல் காற்று எவ்வளவு மோதும் என்று கணக்கிட இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது, ஐஎஸ் 875, மூன்றாம் பாகம். சென்னைக்கு அது தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த நகரத்தின் மேல் ஏறிப் போனபோது மரங்களும் கண்ணாடிகளும் என்ன பாடுபட்டன என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. ‘இந்த ஜன்னல் எவ்வளவு காற்றுக்குத் தாங்கும்?’ என்று கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். ‘காத்து சூப்பரா வரும் சார்’ என்பார்.

அதுவும் வராது. பழைய ஜன்னலின் இரண்டு கதவையும் திறந்தால் ஓட்டை முழுவதும் திறக்கும். இரண்டு தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்லைடிங் ஜன்னலில் எந்த நேரமும் ஒரு பாதியின் மேல் மறு பாதி நிற்கும். கடற்காற்றை நம்பி வாழ்கிற ஊரில் அரை ஜன்னலுக்கு முழுப் பணம் வாங்கிக்கொண்டு, காற்று போதவில்லை என்றால் ஏசி போட்டுக்கொள்ளுங்கள் என்று அறிவுரையும் இலவசமாகத் தருகிறார்கள். சத்தமே வராது என்பார்கள் அதே ஸ்லைடிங்கைக் காட்டி. ஓரத்தில் பிரஷ் மயிர் வைத்து அடைத்த ஜன்னல் மாநகரப் பேருந்தின் ஹாரனை எப்படித் தடுக்கும் என்று கேட்டால், மறுபடியும் ஜெர்மனிக்குப் போய்விடுவார்கள்.

கண்ணாடி ‘டஃபன்டு’தான் சார், சந்தேகமே வேண்டாம் என்பார். வேலை நாளன்று பாருங்கள்: கண்ணாடி கால் அங்குலம் கூடுதலாக வந்திருக்கும். உங்கள் வரவேற்பறையில் செய்தித்தாளை விரித்து, கட்டரால் ஒரு கோடு இழுத்து, ஓரத்தை டக்கென்று ஒடித்துவிட்டு மாட்டுவார்கள். டஃபன்டு கண்ணாடி என்பது 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தது. அதற்கு அப்புறம் அதை வெட்ட முடியாது. வெட்டப் போனால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். உங்கள் வீட்டுத் தரையில் வெட்டுப்பட்ட கண்ணாடி உங்கள் கண் முன்னாலேயே தன் சாதியைச் சொல்லிவிட்டது. நாமோ அவருடைய சாதியை விசாரித்த திருப்தியில் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறோம்.

இனி அளவு. நிலைக்கு அளவெடுக்கும்போது ஒரு நூல் இடைவெளி விடாத டேப், பில்லுக்கு அளவெடுக்கும்போது தாராளமாகிவிடும். ‘ட்ரேட் பிராக்டிஸ் சார், ஆறு இன்ச்சுக்கு ரவுண்டு பண்ணுவோம்.’ எந்தப் பக்கம் ரவுண்டு என்று கேட்க வேண்டியதில்லை. 4 அடி 1 அங்குல அகலம், 3 அடி 7 அங்குல உயரம் உள்ள ஜன்னல் 14.6 சதுர அடி. அவருடைய கணக்கில் அது நாலரைக்கு நாலு, 18 சதுர அடி. அப்படி எட்டு ஜன்னல் உள்ள வீட்டில் 27 சதுர அடி ஆகாயத்தில் மிதக்கும். சதுர அடி 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 21,600 ரூபாய். அவருடைய கணக்குப்படியே அது ஒன்றரை ஜன்னலின் விலை. நிஜ அளவில் பார்த்தால் எட்டு ஜன்னல் மாட்டுகிறார், பத்துக்குப் பக்கமாக வாங்குகிறார், மீதியை நீங்கள் கேட்கக் கூடாது. குளியலறை வென்டிலேட்டருக்கு ‘மினிமம் ஏரியா’ என்று ஒரு தனிச் சட்டம் உண்டு. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும்.

அவருடைய கருணையை மட்டும் சொல்லிவிட வேண்டும். ‘பழைய ஜன்னலையெல்லாம் நாங்களே எடுத்துட்டுப் போயிடறோம் சார். அதுக்குக் காசு வேண்டாம். உங்களுக்கு எதுக்கு சார் குப்பை?’ குப்பை என்பது பர்மா தேக்கு. இன்றைக்கு அந்த மரம் அந்தப் பக்குவத்தில் புதிதாகக் கிடைக்காது என்பதால் பழைய மரக்கடைகளில் அதற்குத் தனி மரியாதை. காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடுகளின் பொருட்களை, கதவும் ஜன்னலும் உட்பட, அடுக்கி வைத்து விற்பதற்கென்றே ஒரு தெரு இருக்கிறது. உங்கள் தாத்தாவோ அப்பாவோ வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய மரம் டெம்போவில் ஏறிப் போகிறது. அதை ஏற்றுவதற்குக் கூலி கேட்காத பெருந்தன்மையை நினைத்து நீங்கள் டிரைவர் கையில் நூறு ரூபாய் திணிக்கிறீர்கள்.

மாட்டுகிற நாளில் வருகிற பையன்களுக்கு இருபது வயது இருக்கும். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா. நான்காம் மாடி சன்ஷேடில், பாசி பிடித்த சிமென்ட்டின் மேல், ரப்பர் செருப்போடு ஒருவன் இறங்கி நிற்கிறான். இடுப்பில் பெல்ட் இல்லை. தலையில் ஹெல்மெட் இல்லை. இன்னொருவன் அவனுடைய சட்டைக் காலரை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறான். அதுதான் பாதுகாப்பு ஏற்பாடு. கீழே வேப்பமர நிழலில் காருக்குள் உட்கார்ந்திருக்கிற கான்ட்ராக்டரிடம் போனில் பதறினால், ‘பழகின பசங்க சார், நம்ம டீம்தான்’ என்பார். அந்தப் பையன் வழுக்கிவிட்டால் அடுத்த நொடியே அந்த உறவு அறுந்துவிடும். ‘அது சப்-கான்ட்ராக்ட் சார். அவன் நம்ம ஆளே இல்ல.’ போலீசுக்கு அவன் பெயரைச் சொல்லக்கூட இங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பெல்ட் இல்லாமல் என் வீட்டு சன்ஷேடில் எவனும் இறங்கக் கூடாது என்று வேலையை நிறுத்துகிற வீட்டுக்காரர் எத்தனை பேர்? சிலிக்கான் வெளியே வழிந்திருக்கிறது, துடைக்கச் சொல்லுங்கள் என்றுதான் நம் குரல் உயர்கிறது.

ஐப்பசியில் மழை வரும். ஸ்லைடிங் ஜன்னலின் அடித் தண்டவாளத்தில் தண்ணீர் தேங்குவது இயல்பு. அது வெளியே போவதற்காகவே சட்டத்தின் வெளிப்பக்கம் சின்னத் துவாரங்கள் விட்டிருப்பார்கள். அந்தத் துவாரங்களைப் பார்த்த மேஸ்திரி, ஓட்டை இருக்கிறதே, தண்ணீர் வந்துவிடுமே என்று அக்கறையோடு சிலிக்கான் வைத்து அடைத்திருப்பார். தண்ணீருக்கு இருந்த ஒரே வழியும் போனபின் அது உங்கள் சோபா பக்கம் வருகிறது. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஃபோம் அடிக்க வேண்டிய இடத்தில் வெள்ளை சிமென்ட்டைப் பூசி ஒப்பேற்றியிருப்பதும் அன்றைக்குத்தான் தெரியவரும். போன் போடுவீர்கள். ‘சைட்ல இருக்கேன் சார்’ என்பார். மறுநாளும் சைட். தீபாவளிக்கு சைட். அவர் தரையில் கால் வைக்கிற நேரமே கிடையாது.

பத்து வருட வாரன்டி இருக்கிறதே என்று அட்டையைத் தேடி எடுத்தால், வாரன்டி சட்டத்தின் நிறத்துக்கு. உருளைக்கு இல்லை, பூட்டுக்கு இல்லை, ரப்பருக்கு இல்லை, மாட்டிய வேலைக்கு இல்லை, இயற்கைச் சீற்றத்துக்கு இல்லை. மழையும் காற்றும் இயற்கைச் சீற்றம் என்றால் ஜன்னல் எதற்கு? வெள்ளை நிறம் வெள்ளையாகவே இருக்கும் என்பதுதான் வாக்குறுதி. சட்டம் தயாரித்த நிறுவனத்தைக் கூப்பிட்டால், மாட்டியது டீலர் பொறுப்பு என்பார்கள். டீலர் ஃபேப்ரிகேட்டரைக் காட்டுவார். ஃபேப்ரிகேட்டர் மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டான். நம் பணம் மட்டும் இந்த வரிசையில் எங்கும் நிற்காமல் ஒரே நாளில் மேலே ஏறியிருக்கும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று யாராவது ஒரு வக்கீல் நண்பர் சொல்வார். உண்மைதான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றுகூடச் சட்டம் சொல்கிறது. எத்தனை வருடம் முயலலாம் என்று மட்டும் சொல்லவில்லை. அதை விடுங்கள். அங்கே முதலில் கேட்பது பில். எங்கே உங்கள் பில்?

இங்கேதான் நம் கள்ளத்தனமும் வெளியே வருகிறது. ‘பில்லோட வேணுமா, பில் இல்லாம வேணுமா சார்? பில்லுன்னா ஜிஎஸ்டி 18 பர்சென்ட் சேரும்’ என்று அவர் ஆரம்பத்திலேயே கேட்டார். நாடு முன்னேறாததற்கு வரி ஏய்ப்புதான் காரணம் என்று முந்தின நாள்தான் வாக்கிங்கில் பேசிய நாம், ‘நமக்குள்ள எதுக்குப்பா பில்’ என்றோம். மூன்று லட்சம் ரூபாய் வேலையில் 54,000 மிச்சம் என்று பூரித்தோம். கையில் இருப்பது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட, கையெழுத்தில்லாத, முகவரியில்லாத அரைத்தாள். அவர் நம்மை ஏமாற்றுவதற்கு முன்னால் நாமும் அவரும் சேர்ந்து அரசாங்கத்தை ஏமாற்றியிருக்கிறோம். ஆகவே அரசாங்கத்திடம் போய்ப் புகார் சொல்ல வாய் வராது. அவர் நம்மைப் பற்றி நன்றாக விசாரித்திருக்கிறார், நாம்தான் அவரைப் பற்றி விசாரிக்கவில்லை.

சரி, அரசாங்கம் தன் வீட்டு ஜன்னலுக்கு என்ன செய்கிறது? பொதுப்பணித் துறைக்கு ஒரு வேலை என்றால் வகுப்பு பிரித்துப் பதிவுசெய்த ஒப்பந்ததாரர் மட்டும்தான் வரலாம். 1998-இலேயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் போட்டாகிவிட்டது. முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், காப்புத் தொகை கட்ட வேண்டும், வேலையில் குறை வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு பகுதியை நிறுத்தி வைக்கிறார்கள். இதையெல்லாம் மீறி அங்கே என்ன நடக்கிறது என்பது வேறு அங்கதம், அதற்கு வேறு இதழ் வேண்டும். ஆனால் அரசாங்கம் கான்ட்ராக்டரை நம்பவில்லை என்பது மட்டும் நிச்சயம். தன் சுவருக்குப் பதிவும் பிணையும் கேட்கிற அதே அரசாங்கம், உங்கள் சுவர் என்று வரும்போது கைகட்டி நின்று, நம்பகமானவரைப் பார்த்துக் கொடுங்கள் என்று உபதேசம் செய்கிறது. ஜன்னல் மாட்டுகிறவருக்குப் பதிவு, வேலைக்குக் காப்புத் தொகை, சன்ஷேடில் நிற்கிற பையனுக்குப் பெல்ட்டும் காப்பீடும் என்று ஒரு பக்க அரசாணை போட எந்த ஆட்சிக்கும் நேரம் கிடைக்கவில்லை. வீடு வீடாக வந்து வரி கூட்டுவதற்கு மட்டும் எல்லா ஆட்சிக்கும் நேரம் கிடைத்தது.

அதுவரை உங்களுக்கு நீங்கள்தான் பொதுப்பணித் துறை. 18 சதவீதத்தைக் கொடுத்துவிட்டு ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் பதிவானது என்றால், எண்ணும் எழுத்தும் கலந்த அந்த 15 இட வரிசை 33-இல் தொடங்கும். இணையத்தில் போட்டுப் பார்த்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத சின்னத் தொழிலாளி என்றால் அவரும் பில் தரலாம், வரிதான் வசூலிக்கக் கூடாது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். நிஜ அளவுக்குத்தான் பணம் என்று எழுதுங்கள். கண்ணாடியின் மூலையில் டஃபன்டு முத்திரை இல்லையென்றால் இறக்கவே விடாதீர்கள். பழைய தேக்கை மரக்கடையில் விலை கேட்காமல் வெளியே அனுப்பாதீர்கள். பெல்ட் வராமல் வேலை ஆரம்பிக்கக் கூடாது என்று சொல்லுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தை வடகிழக்குப் பருவமழை முடிந்து, தை பிறந்த பிறகு தருவதாக முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

‘என்ன சார், நம்ம மேல நம்பிக்கை இல்லையா?’ என்று அவர் முகம் சுருங்கும். இல்லை என்று சொல்லுங்கள்.